முட்டை எடையில் நகரும் பல்

காலி வீதியில் காலை ஏழு மணிக்கு ஓடும் 101 இலக்க பஸ். இரத்மலானையில் ஏறிய அம்மம்மாவும் பேத்தியும் எனக்கு முன் இருக்கையில் இருந்தார்கள். பேத்திக்குப் பதின்மூன்று வயதிருக்கும். வெள்ளைச் சீருடை, சிரித்தால் மின்னும் பற்கம்பி. தெஹிவளை தாண்டும்வரை அந்தக் கம்பியையே பார்த்துக்கொண்டு வந்த அம்மம்மா கடைசியில் கேட்டார்: "ஏன் பிள்ளை, என்ரை ஒரு பல்லைப் பிடுங்க அந்த டொக்டர் குறட்டை வைச்சு எவ்வளவு மல்லுக்கட்டினவர். இந்த நூல் மாதிரிக் கம்பி எப்படியடி பல்லை நகர்த்தும்?"

"தெரியாது அம்மம்மா. ஆனா நகருது. முந்தி இந்த இடைவெளிக்குள்ள நாக்கு நுனி போகும். இப்ப போகாது."

இருவரும் சொன்னது சரி. பல்லைப் பிடுங்குவதற்குப் பலம் வேண்டும். அதே பல்லைத் தாடைக்குள் சில மில்லிமீற்றர் தள்ளி வைப்பதற்கு ஒரு கோழி முட்டையின் எடை போதும். ஆணி அடித்ததுபோல் எலும்பில் ஊன்றி நிற்கும் ஒன்று, அவ்வளவு சிறிய விசைக்கு எப்படி வழிவிடுகிறது? பல்சீரமைப்பியல் என்ற மருத்துவத் துறை முழுவதும் இந்தக் கேள்வியின் விடையில்தான் நிற்கிறது. ஊரில் நாம் "கிளிப் போடுவது" என்று சொல்லும் சிகிச்சையின் அடிப்படையும் அதுதான்.

ஏணையில் கிடக்கும் பல்

பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருக்கிறது என்றே நம்மிற் பலர் நினைக்கிறோம். உண்மையில் பல்லின் வேருக்கும் அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிக்கும் இடையில் ஒரு மெல்லிய இடைவெளி இருக்கிறது. அதன் அகலம் ஏறத்தாழக் கால் மில்லிமீற்றர். அந்த இடைவெளி முழுவதும் ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள். ஒரு முனை வேரில் புதைந்திருக்கும், மறுமுனை எலும்பில் புதைந்திருக்கும். பிள்ளையைக் கிடத்திய ஏணை வளையில் தொங்குவதைப்போல, பல் இந்த நார்களில் தொங்குகிறது. இதைப் 'பல்சூழ் நார்ப்படலம்' என்று அழைக்கலாம்.

இந்தப் படலம் வெறும் கயிறு மட்டுமன்று. இதற்குள் குருதிக் குழாய்கள் ஓடுகின்றன, நரம்புகள் இருக்கின்றன, உயிருள்ள கலங்கள் இருக்கின்றன. சோற்றில் ஒரு சிறு கல் கடிபட்டவுடன் தாடை சட்டென்று நின்றுவிடுகிறதே, அந்த எச்சரிக்கையை அனுப்புவதில் இந்தப் படலத்தின் நரம்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நாம் மெல்லும்போது பல்லின்மீது பல கிலோகிராம் எடைக்குச் சமமான அழுத்தம் விழுகிறது. ஆனாலும் அது ஒரு செக்கனுக்கும் குறைவான நேரமே நீடிக்கும். படலத்துக்குள் இருக்கும் திரவம் அந்தக் கணநேரத்தில் பிதுங்கி வெளியேற முடியாமல் மெத்தைபோல் நின்று தாங்கிக்கொள்ளும். ஆகவே வாழ்நாள் முழுக்க மென்றாலும் பல் இடம்பெயர்வதில்லை.

கம்பியின் விசை வேறுவகையானது. அது மிகச் சிறியது; ஆனால் இடைவிடாதது. சில செக்கன்களில் திரவம் மெல்ல நகர்ந்துவிடும், வேர் குழிக்குள் ஒரு பக்கமாகச் சாயும். ஒரு பக்க நார்கள் நசுங்கும், எதிர்ப்பக்க நார்கள் இழுபடும். இனி நடப்பதெல்லாம் உடலின் வேலை.

இடிக்கும் மேசன், கட்டும் மேசன்

ஓர் அறையை அளவு மாறாமல் நான்கு அடி கிழக்கே நகர்த்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அறையைத் தூக்கி வைக்க முடியாது. ஆனால் கிழக்குச் சுவரை ஒரு மேசன் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்ட, மேற்குச் சுவரின் உட்புறத்தில் இன்னொரு மேசன் கொஞ்சம் கொஞ்சமாகப் புதுக்கல் வைத்துக்கொண்டே வந்தால், சில மாதங்களில் அறை கிழக்கே வந்திருக்கும். அறைக்குள் இருந்தவரும் கூடவே வந்திருப்பார்.

நம் எலும்புக்குள் இந்த இரண்டு மேசன்களும் எப்போதும் இருக்கிறார்கள். இலங்கைப் பாடநூல்கள் எலும்பை 'என்பு' என்று எழுதும். அந்த வழக்கிலேயே இவர்களை 'என்பு கரைக்கும் கலங்கள்' என்றும் 'என்பு கட்டும் கலங்கள்' என்றும் சொல்லலாம். முறிந்த கை பொருந்துவதும், வளரும் பிள்ளையின் எலும்பு உருமாறுவதும் இவர்களின் உழைப்பால்தான். பல் சாயும்போது, நசுங்கிய பக்கத்துக் கலங்கள் வேதியியற் செய்திகளை வெளியிடுகின்றன. கரைக்கும் கலங்கள் அங்கே திரண்டு குழியின் சுவரைக் கரைக்கத் தொடங்கும். இழுபட்ட பக்கத்தில் கட்டும் கலங்கள் புது எலும்பை அடுக்கும். குழியே மெதுவாக இடம்மாற, பல்லும் அதனோடு போகிறது. வேகம் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர்.

அம்மம்மாவின் கேள்விக்கு இங்கே பாதி விடை கிடைத்துவிடுகிறது. பிடுங்கும்போது வைத்தியர் நார்களை அறுத்து, எலும்புச் சுவரை விரித்து, பல்லை நிமிடங்களில் வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே உடல் உதவுவதற்கு நேரமே இல்லை. கம்பியோ உடலை வேலைக்கு அழைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறது.

இது எப்படித் தெரியவந்தது?

வளைந்த பற்களை நேராக்கும் முயற்சி பழையது. பிரான்சின் பல் வைத்தியர் பியேர் ஃபோஷார் 1728இல் வெளியிட்ட நூலிலேயே, உலோகப் பட்டையில் பற்களைக் கட்டி விரிக்கும் முறை விளக்கப்பட்டிருக்கிறது. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எலும்பு ரப்பர்போல் வளைந்து கொடுக்கிறது என்றுகூடப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் நம்பினார்கள்.

1904இல் சுவீடனைச் சேர்ந்த கார்ல் சான்ட்ஸ்டெட் தமது சோதனையை வெளியிட்டார். நாயின் பற்களில் கம்பி பூட்டிச் சில வாரங்கள் நகர்த்திய பிறகு, தாடையை மெல்லிய சீவல்களாக வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தார். இழுபட்ட பக்கத்தில், நீண்ட நார்களின் திசையிலேயே புது எலும்பு முளைத்திருந்தது. நசுங்கிய பக்கத்தில் எலும்பு அரிக்கப்பட்டிருந்தது. எலும்பு வளைவதில்லை, கரைந்தும் வளர்ந்தும் இடம் கொடுக்கிறது என்பதற்கு முதல் நேரடிச் சாட்சி அதுதான்.

இன்னொரு சாட்சியை இன்றைய பற்சிகிச்சை நிலையங்கள் நாள்தோறும் தருகின்றன. இழந்த பல்லுக்குப் பதிலாகத் தைத்தானிய உலோகத் திருகை எலும்பில் ஊன்றி, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துகிறார்கள். அந்தத் திருகைச் சுற்றி நார்ப்படலம் கிடையாது. எலும்பு உலோகத்தோடு நேராக ஒட்டிக்கொள்ளும். பக்கத்துப் பல்லை நகர்த்தும் அதே விசையை அதன்மீது எத்தனை மாதம் கொடுத்தாலும் அது அசையாது. விபத்தில் நார்ப்படலம் அழிந்து எலும்போடு ஒட்டிப்போன இயற்கைப் பல்லும் அப்படியே. நார்ப்படலம் இல்லையென்றால் நகர்வு இல்லை. கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள அந்தப் படலத்தை நம்பித்தான் முழுச் சிகிச்சையும் நடக்கிறது.

ஏன் மெல்ல?

"இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டால் கெதியாய் முடியுமே" என்று பெற்றோர் கேட்பதுண்டு. கேட்பது இயல்பு. ஆனால் சான்ட்ஸ்டெட்டின் சீவல்களிலேயே இதற்கும் விடை இருந்தது. விசை கூடிய இடங்களில் நார்ப்படலம் கலங்களே இல்லாத கண்ணாடிப் பாளம்போல் மாறிவிட்டிருந்தது.

வெள்ளவத்தையின் ஓர் ஒடுங்கிய ஒழுங்கையை நினைத்துப் பாருங்கள். மேசன்மாரும் கல்லும் சீமெந்தும் அந்த ஒழுங்கையால்தான் வர வேண்டும். ஒரு பெரிய லொறியைக் குறுக்கே நிறுத்திவிட்டால் வேலை நின்றுவிடும். நார்ப்படலத்தின் குருதி மயிர்க்குழாய்கள்தான் அந்த ஒழுங்கை. விசை அளவோடு இருந்தால் குழாய்கள் சற்று ஒடுங்கினாலும் குருதி ஓடும், கலங்கள் வந்து சேரும். விசை மிஞ்சினால் குழாய்கள் அடைபட்டு, அந்த இடத்துக் கலங்கள் இறந்துபோகும். பிறகு கரைக்கும் கலங்கள் எலும்பின் பின்புறத்திலிருந்து சுரங்கம் தோண்டுவதுபோல் சுற்றிவர வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் செல்லும். அத்தனை நாளும் பல் அசையாது, நோவு மட்டும் இருக்கும். வேரின் நுனியே கரைந்து குட்டையாகும் ஆபத்தும் கூடும்.

ஒஸ்திரியாவைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்வார்ஸ் 1932இல் இதற்கு ஓர் அளவுகோல் சொன்னார். பல்லின்மீது வைக்கும் அழுத்தம் மயிர்க்குழாய்க்குள் இருக்கும் குருதியின் அழுத்தத்தை மிஞ்சக் கூடாது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 20 முதல் 26 கிராம். பிற்கால ஆய்வுகள் இந்த எண்ணைத் திருத்தியிருக்கின்றன. ஆனாலும் மெல்லிய விசையே விரைவான விசை என்ற கருத்து இன்றும் நிற்கிறது. ஒரு பல்லைச் சாய்த்து நகர்த்த இன்று பரிந்துரைக்கப்படுவது 35 முதல் 60 கிராம் எடைக்குச் சமமான விசை. ஒரு கோழி முட்டையை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அவ்வளவுதான்.

எவ்வளவு விசை என்பதோடு எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம். நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது விசை தொடர்ந்து இருந்தால்தான் மனிதப் பல் நகரத் தொடங்கும் என்பது நிபுணர்களின் கணிப்பு. விரல் சூப்பும் பிள்ளைகளின் பற்களில் இதைத் தெளிவாகக் காணலாம். எப்போதாவது சற்று நேரம் சூப்பும் பிள்ளையின் பல்லுக்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. இரவு முழுக்க விரலை வாயில் வைத்துத் தூங்கும் பிள்ளைக்கு மேல் முன்பற்கள் வெளியே தள்ளி, மேலும் கீழும் சேராமல் இடைவெளி விழும். விரல் மெத்தென்றது, ஆனால் நேரம் நீண்டது.

நினைவுள்ள கம்பி

ஒவ்வொரு பல்லின் முகத்திலும் ஒட்டப்படும் சிறு உலோகத் துண்டு பல்லை நகர்த்துவதில்லை. அது பல்லுக்கு நாம் பூட்டும் கைப்பிடி. அதன் நடுவிலுள்ள பள்ளத்துக்குள் ஓடும் வளைகம்பிதான் உந்துவிசை. வளைகம்பி நேர்த்தியான பல்வரிசையின் வடிவத்தில் முன்கூட்டியே செய்யப்பட்டிருக்கும். கோணிய பற்களின் கைப்பிடிகளில் அதை மாட்டும்போது கம்பியும் கோணும். தன் பழைய வடிவத்துக்குத் திரும்ப அது முயல்கிறது. திரும்பும்போது பற்களையும் கூட்டிக்கொண்டு போகிறது.

உருக்குக் கம்பியில் ஒரு சிக்கல் உண்டு. சற்றுக் கூடுதலாக வளைத்தால் முதல் நாள் விசை மிகக் கடுமையாக இருக்கும். பல் கொஞ்சம் நகர்ந்ததும் விசை சட்டென்று விழுந்துவிடும். பல்லுக்கு வேண்டியதோ நாள்தோறும் ஒரே அளவான முட்டை எடை. இதற்கான தீர்வு எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அமெரிக்கக் கடற்படையின் ஆயுத ஆய்வுகூடத்தில் வில்லியம் பூலர் என்பவர் வெப்பம் தாங்கும் கலப்புலோகம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். நிக்கலும் தைத்தானியமும் கலந்த ஒரு தகட்டை மடித்துக் கூட்டமொன்றில் காட்டியபோது, ஒருவர் தம் சுங்கான் கொளுத்தும் லைட்டரால் அதைச் சூடாக்கினார். மடிந்த தகடு தானாக நிமிர்ந்து பழைய வடிவம் எடுத்தது. 1960களின் தொடக்கத்தில் நடந்தது இது. அந்தக் கலப்புலோகத்துக்கு நிட்டினோல் என்று பெயர்.

அயோவா பல்கலைக்கழகத்தின் ஜோர்ஜ் அன்ட்ரியாசென் 1970களின் தொடக்கத்தில் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். பின்னர் மேம்படுத்தப்பட்ட வகைகள் பெருமளவு வளைத்தாலும் உடைந்தோ மடிந்தோ போகாமல், நீண்ட நாட்களுக்கு ஏறத்தாழ ஒரே மெல்லிய விசையைக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. பேத்தியின் வாயில் முதல் மாதங்களில் இருந்தது பெரும்பாலும் இந்த நினைவுள்ள கம்பியாகத்தான் இருக்கும்.

பற்கள் வரிசைக்கு வந்தபின் உருக்குக் கம்பி வரும். இரத்மலானை ரயில் வேர்க்ஷொப்பின் பக்கமாகப் போகிறவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். அங்கே தண்டவாளம் பெட்டியைத் தள்ளுவதில்லை. பெட்டி எந்தப் பக்கம் போகலாம், எந்தப் பக்கம் சாயக் கூடாது என்பதைத் தண்டவாளம் தீர்மானிக்கிறது. இந்தக் கட்டத்தில் உருக்குக் கம்பி தண்டவாளம். பல்லை அதன்மேல் இழுப்பது சிறு சுருள்வில் அல்லது ரப்பர் வளையம்.

இழுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் கயிறிழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒருவர் இழுத்தால் மற்றவரும் இழுபடுவார். முன்பல்லைப் பின்னால் இழுத்தால் கடைவாய்ப்பல் முன்னால் வந்துவிடும். ஆகவே ஒரு பல்லுக்கு எதிராகப் பல பற்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். இப்போது சிறு உலோகத் திருகை எலும்பில் தற்காலிகமாக ஊன்றி அதிலிருந்தும் இழுக்கிறார்கள். நார்ப்படலம் இல்லாதது நகராது என்று மேலே பார்த்தோம் அல்லவா? அந்தக் குறையே இங்கே உறுதியான நங்கூரமாகிறது.

லேஞ்சி போட்டுப் பிடித்த இடம்

பற்கள் ஏன் கோணுகின்றன? சில காரணங்கள் பரம்பரையாக வருபவை: தகப்பனின் நாடி, தாயின் பல். சில, நம் கையில் இருப்பவை.

பாற்பற்கள் எப்படியும் விழத்தானே போகின்றன என்று அவற்றின் சொத்தையைக் கவனிக்காமல் விடுகிறோம். பஸ்ஸில் லேஞ்சி போட்டு இடம் பிடிப்பதைப்போல, பின்னால் வரப்போகும் பல்லுக்காகப் பாற்பல் இடம் பிடித்து வைத்திருக்கிறது. ஆறு வயதளவில், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் முதல் நிலையான கடைவாய்ப்பல் முளைக்கும். அதற்கு முன்னாலுள்ள பாற்பல் சொத்தையால் நேரத்தோடு பிடுங்கப்பட்டால், லேஞ்சியை எடுத்துவிட்ட இருக்கைக்கு நடந்ததுதான் நடக்கும். பின்பல் முன்னால் சரிந்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடும். மேல் வேட்டைப்பல் பதினொரு, பன்னிரண்டு வயதில் கடைசி ஆட்களில் ஒருவராக வந்து ஏறும்போது இருக்கை நிறைந்திருக்கும். அது வரிசைக்கு வெளியே, முரசின் மேற்பக்கம் முளைக்கும். நாம் தெற்றுப்பல் என்று சொல்வதில் பெரும்பாலானவை இப்படி இடம் கிடைக்காத வேட்டைப்பற்களே.

இன்னொரு காரணம் நம் சாப்பாட்டுத் தட்டில் இருக்கக்கூடும். சப்பரகமுவாவின் குருவிட்டைப் பகுதியிலுள்ள பட்டதொம்பலெனக் குகையில், ஏறத்தாழ 30,000 ஆண்டுகள் பழைமையான மனித எச்சங்கள் கிடைத்தன. பலாங்கொடை மனிதர் என்று அழைக்கப்படும் அந்த வேட்டைச் சமூகத்தாருக்குப் பெரிய பற்களும் கனமான தாடைகளும் இருந்தன. பொதுவாகவே வேட்டையாடி வாழ்ந்த மக்களின் மண்டையோடுகளில் நெரிந்த பற்கள் குறைவு. கடினமான உணவை மென்று வளரும் தாடை அகன்று வளர்கிறது, மென்மையான உணவில் வளரும் தாடை ஒடுங்குகிறது என்பது ஒரு கருத்து. அமெரிக்க மானிடவியலாளர் ரொபர்ட் கொருச்சினி, 1980களில் இந்தியப் பஞ்சாபில் ஒரே பரம்பரையைச் சேர்ந்த கிராமத்து, நகரத்து இளைஞர்களை ஒப்பிட்டபோது, நகரத்தவரிடம் கடிப்பிறழ்வு கூடுதலாக இருந்தது. ஹார்வர்டின் டானியல் லீபர்மன் குழுவினர் 2004இல் ஹைரக்ஸ் என்ற சிறு விலங்குக்குச் சமைத்த மெல்லிய உணவு கொடுத்து வளர்த்தபோது, அதன் முகத்தின் சில பகுதிகள் பத்து வீதமளவு குறைவாக வளர்ந்தன. மனிதரில் இதன் பங்கு எவ்வளவு என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஆனாலும் புழுக்கொடியலையும் பனங்கிழங்கையும் கடித்துச் சப்பி வளர்ந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் பாணும் நூடில்ஸும் விழுங்கி வளர்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

கடி என்றால் என்ன?

சிரிக்கும்போது தெரியும் வரிசை பாதிக் கதைதான். மேற்பற்களும் கீழ்ப்பற்களும் ஒன்றையொன்று சந்திக்கும் விதத்தைக் 'கடியிணைவு' என்கிறோம். அது தவறினால் 'கடிப்பிறழ்வு'. 1899இல் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், ஆறு வயதில் முளைக்கும் அந்தக் கடைவாய்ப்பல்லை அளவுகோலாகக் கொண்டு கடிப்பிறழ்வை மூன்று வகுப்பாகப் பிரித்தார். முதல் வகுப்பில் கடைவாய்ப்பற்கள் சரியாகச் சந்திக்கும்; பற்களின் நெரிசலோ திருகலோதான் பிரச்சினை. இரண்டாம் வகுப்பில் கீழ்வரிசை பின்தங்கியிருக்கும். மிதந்த பல் என்று நாம் சொல்வதில் பல இந்த வகை. மூன்றாம் வகுப்பில் கீழ்வரிசை முன்னால் நிற்கும். உலகெங்கும் வைத்தியர்கள் இன்றும் இந்தப் பகுப்பையே பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் பல நேரம் குற்றம் பல்லில் இல்லை, தாடையின் வளர்ச்சியில் இருக்கிறது. 1931இல் அமெரிக்காவின் பிரோட்பென்டும் ஜெர்மனியின் ஹொஃப்ராத்தும் தனித்தனியாக, தலையை ஒரே நிலையில் நிறுத்திப் பக்கவாட்டில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுக்கும் முறையைக் கண்டார்கள். ஒரே பிள்ளையை ஆண்டுதோறும் அப்படிப் படம் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது முகம் எப்போது, எந்தத் திசையில் வளர்கிறது என்பது தெரியவந்தது. பெண்பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவிலும் ஆண்பிள்ளைகள் பதினான்கு வயதளவிலும் வேகமாக வளர்வார்கள். அந்தக் காலத்தைப் பிடித்தால், கழற்றி மாட்டும் கருவிகளாலேயே தாடைகளின் உறவைத் திருத்த இடமுண்டு. வளர்ச்சி நின்றபின் பெரிய தாடைப் பிறழ்வைச் சரிசெய்யச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். பல்லை எந்த வயதிலும் நகர்த்தலாம். தாடையின் வளர்ச்சி நமக்காகக் காத்திருப்பதில்லை.

தேயிலைத் தோட்டம் கற்பித்தது

நார்ப்படலம் நலமாக இருந்தால்தான் இவ்வளவும் நடக்கும். அந்தப் படலம் எப்படி அழிகிறது என்று உலகம் கற்றதில் நம் மலையக மக்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. இது நம்மிற் பலருக்குத் தெரியாது. நோர்வேயில் பிறந்த ஹரால்ட் லோவும் சகாக்களும் 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் முரசையும் பற்களையும் பரிசோதிக்கத் தொடங்கி, 1985 வரை அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பல் நோயைத் தடுக்கும் திட்டமோ சிகிச்சையோ அந்தத் தொழிலாளர்களை அதுவரை எட்டியிருக்கவில்லை. அவர்கள் ஆய்வுக்குத் தெரிவானதே அதனால்தான்.

1986இல் வந்த முடிவு பல் மருத்துவப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது. எல்லாரிடமும் பல்லைச் சுற்றி அழுக்குப் படிவு இருந்தது, முரசு வீங்கியிருந்தது. ஆனால் பல்லைத் தாங்கும் பிடிப்பு எட்டு வீதமானோரில் வேகமாக அழிந்தது, 81 வீதமானோரில் நடுத்தரமாக அழிந்தது, 11 வீதமானோரில் முரசோடு நின்றுவிட்டது. ஒருவரின் உடல் எந்த வகை என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சிகிச்சை எட்டாத மனிதர்களின் வாயிலிருந்து உலகம் பெற்ற இந்த அறிவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். பற்கம்பி போடும்முன் முரசு நோயைக் குணப்படுத்தியே ஆக வேண்டும். கம்பி போட்டபின் ஒவ்வொரு உணவுக்கும் பிறகு துலக்க வேண்டும். கம்பியின் ஓரங்களில் படிவு தங்கினால் பல்லின் எனாமலில் வெண்திட்டுகள் விழும். அவை கம்பியைக் கழற்றினாலும் இலகுவில் போவதில்லை.

இதோடு ஓர் எச்சரிக்கையும் உண்டு. முன்பற்களின் இடைவெளியை மூடச் சிலர் தாமாகவே சாதாரண ரப்பர் வளையத்தை இரு பற்களிலும் மாட்டுகிறார்கள். பல்லின் வேர் நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். வளையம் அந்தச் சரிவில் வழுக்கி முரசுக்குள் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துவிடும். போகும் வழியெல்லாம் நார்களை அறுத்துக்கொண்டே போகும். நல்ல பற்கள் இரண்டும் ஆடி விழும்வரை காரணம் தெரியாது. இப்படி நடந்த சம்பவங்கள் பல் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன. தென்கிழக்கு ஆசிய நாடுகளில் அழகுக்காகத் தகுதியற்றவர்கள் ஒட்டிவிடும் போலிக் கம்பிகளும் இதே வகை ஆபத்து.

கம்பி கழற்றிய பிறகு

கம்பியைக் கழற்றும் நாளில் சிகிச்சை முடிந்ததென்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. புது எலும்பு கெட்டியாகச் சில மாதங்கள் செல்லும். பல்லின் கழுத்தைச் சுற்றி முரசுக்குள் ஓடும் நார்கள் அதைவிடப் பிடிவாதமானவை. நோர்வேயின் கோரே ரைட்டான் திருகிய பற்களை நேராக்கிப் பார்த்தபோது, 232 நாட்கள் கழிந்தும் அந்த நார்கள் இழுபட்டபடியே இருந்தன. விட்டால் பழைய இடத்துக்கே இழுத்துச் செல்லும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரொபர்ட் லிட்டில் குழுவினர், பற்களைப் புது இடத்திலேயே பிடித்துவைக்கும் கருவியை நிறுத்திப் பத்தாண்டு கடந்தவர்களைத் திரும்ப அழைத்துப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினரின் கீழ் முன்பற்கள் மீண்டும் நெரிந்திருந்தன. இதனால்தான் கம்பி கழற்றியதும் 'தக்கவைப்புக் கருவி' ஒன்றைத் தருகிறார்கள்.

பிள்ளைக்கு ஏழு வயதாகும்போது ஒருமுறை பல் வைத்தியரிடம் கடியைக் காட்டுங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையங்களிலேயே தொடங்கலாம். பிறழ்வு இருந்தால் பல்சீரமைப்பு நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கொழும்பு 7, வோர்ட் பிளேஸிலுள்ள தேசிய பல் வைத்தியசாலையில் அரச சேவையாக இந்த நிபுணத்துவம் கிடைக்கிறது. தனியாரிடம் போனால் அவர் இலங்கை மருத்துவச் சபையில் பதிவுபெற்றவரா, இந்தத் துறையில் விசேட பயிற்சி பெற்றவரா என்று தயங்காமல் கேளுங்கள். சொத்தைப் பாற்பல்லைப் பிடுங்குமுன் அடைக்க முடியுமா என்றும் கேளுங்கள். கம்பி போட்டிருக்கும் பிள்ளையிடம் "இன்னும் முடியலையா?" என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், உள்ளே எலும்பு தன் வேகத்தில் வேலை செய்துகொண்டிருக்கிறது. கம்பி கழற்றியபின் தக்கவைப்புக் கருவியை வைத்தியர் போதும் என்று சொல்லும்வரை ஒவ்வொரு இரவும் மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்லுங்கள்.